காக்காவுக்கு விழுந்த திட்டு

எங்கள் தெருவில் அவளிடம் திட்டு வாங்காத ஜீவன் கிடையாது. மனுஷர்களைச் சொல்லவில்லை, மனுஷர்களிடம் அவள் நல்லபடியாகத்தான் பேசுவாள். காக்கா, கோழி, எதிர்வீட்டுச் செவலை நாய், நேரத்துக்கு வராத காஞ்சிபுரம் பஸ், போன கரண்ட், வீசாத காற்று, இவைதான் அவள் வாயில் விழும். சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். பேச்சு நடுவில் நிற்கும். "கட்டையில போற காக்கா, உனக்கு வேற வூடே கெடைக்கலியா" என்று ஒரு அர்ச்சனை நடக்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். புதிதாகக் குடிவந்தவர்கள் வாய்க்கொழுப்பு என்பார்கள். கொஞ்சம் கழன்ற கேஸ் என்றவர்களும் உண்டு. அந்தத் திட்டுக்கு அர்த்தம் தெரிந்தவள் ஊரிலேயே நான் ஒருத்திதான் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேரை எழுதப் போவதில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் இருக்கிறாள், அந்த வீட்டு விஷயத்தைப் பேர் போட்டுச் சந்திக்கு இழுக்க எனக்கு இஷ்டமில்லை. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். என்னைக் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரி, பத்தாவது பெயில், அவளோடு சித்தாள் வேலைக்குப் போனவள், பிற்பாடு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போட்டவள். அது போதும்.

அக்கா செய்யாத வேலை இல்லை. ஏரியில் தண்ணீர் நின்ற வருஷங்களில் நடவு, களையெடுப்பு, அறுப்பு. ஏரி காய்ந்தால் செங்கல் சூளை. மழை வந்து சூளை நின்றால் கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவப் போவாள். நடுவில் கொஞ்ச நாள் கல் குவாரிக்குப் போய், தூசு ஒத்துக்கொள்ளாமல் இருமிக்கொண்டே திரும்பி வந்தாள். கடைசியில் கட்டட வேலையில் நிலைத்தாள். புருஷன் லாரிக்குப் போனவன், ஆந்திரா பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அவனைப் பற்றி அவளும் பேச மாட்டாள், நானும் பேசப் போவதில்லை. ஒரே பெண் குழந்தை. அதை வளர்த்து ஆளாக்க அவளுக்கு இருந்தது அவள் உடம்பு ஒன்றுதான்.

அந்த உடம்பில் அவளுக்குக் கர்வம் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? புதிதாக வந்த மேஸ்திரி ஒருவர், பொம்பளைதானே என்று, கலவை சுமக்கிற இரும்புப் பாண்டில் அரைவாசிதான் போட்டுக் கொடுத்தார். அவள் அதைத் தலைக்கு ஏற்றாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா மேஸ்திரி, இது பாண்டா, குங்குமச் சிமிழா?" என்றாள். அன்றிலிருந்து அவளுக்குக் கோபுரமாகத்தான் வைப்பார்கள். அதைச் சுமந்துகொண்டு சாரத்தில் ஏறும்போது பாட்டு வேறு.

இன்னொன்றும் அவளிடம் இருந்தது. அவள் காலால் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டால் முதலில் டாக்டரிடம் போக மாட்டார்கள். தலை வராமல் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் யார் இருக்கிறார்கள் என்று தேடுவார்கள். பிடித்துக்கொண்டவர் குப்புறப் படுக்க வேண்டும். காலால் பிறந்தவர் இடது காலை அவர் முதுகில் வைத்து, மேலிருந்து கீழே நீவி, இடுப்பில் ஒரு அழுத்து அழுத்தி எடுக்க வேண்டும். அதற்குக் கூலி வாங்கக் கூடாது. எழுந்தவர் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது, சொன்னால் பிடிப்பும் திரும்பி வந்துவிடும். பேசாமல் நடையைக் கட்ட வேண்டும். இப்படி விடிந்தால் அவள் வாசலில் யாராவது ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். அவள் வேலைக்குப் புறப்படுகிற அவசரத்திலும் முந்தானையைச் செருகிக்கொண்டு காலை வைத்துவிட்டுத்தான் வருவாள்.

ஊரில் ஒரு பெரிய விவசாயி. அவர் வரப்பில் நாங்கள் செருப்போடு நடந்தால் முறைப்பார். அவருக்கு ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மாட்டு வண்டியில் எங்கள் தெருவுக்கு வந்து, அவள் வீட்டு மண் வாசலில் வெள்ளை வேட்டியோடு குப்புறப் படுத்தார். அவர் போன பிறகு அக்கா என் வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். "சொந்தமா ஒரு காணி நெலத்த மிதிக்கக் குடுத்து வெக்கல. ஆண்டையவே மிதிச்சிட்டேன் பாரு" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்த நாட்கள் குறைவு.

அவள் மகளும் காலால்தான் பிறந்தாள். வீட்டுப் பிரசவம், விடிய விடியப் போராட்டம், தாயும் பிள்ளையும் தேறியதே தெய்வச் செயல். ஊர் என்ன சொன்னது தெரியுமா? ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. வம்சத்துக்கு வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டது. அக்காவும்தான்.

அக்கா சாரத்திலிருந்து விழுந்தது தொண்ணூறுகளின் நடுவில். செங்கல்பட்டு ரோட்டில் ஒரு மாடி வீட்டுக்குத் தளம் போடுகிற நாள். தளம் ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்திய இடத்தில் ஒட்டு விழுந்து பிற்பாடு ஒழுகும். அதனால் அன்றைக்கு யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம். கீழே கலவை மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், சவுக்குக் கழியில் கட்டிய சாரத்தில் படிக்கு ஒருவராக நின்று பாண்டைக் கை மாற்றிக்கொண்டே இருப்போம். உச்சியில் அக்கா, அவளுக்குக் கீழே நான். அவள் நின்ற பலகையின் கயிறு நெகிழ்ந்திருக்கிறது. நான் கொடுத்த பாண்டை வாங்கித் திரும்பியவள், பாண்டோடு என்னைத் தாண்டிக் கீழே போனாள். ஜல்லிக் குவியலின் மேல் மல்லாக்க விழுந்தாள்.

நான் இறங்கி ஓடினேன். வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. மேஸ்திரி ஆட்டோ கூப்பிடச் சொல்லிக் கத்தினார், அவரைக் குறை சொல்ல முடியாது. மூச்சு திரும்பியதும் அக்கா சொன்ன முதல் வார்த்தை வேண்டாம் என்பதுதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள், இது வெறும் பிடிப்பு, காலால் பிறந்தவர்கள் ஒரு அழுத்து அழுத்தினால் விட்டுவிடும் என்றாள். ஊருக்கெல்லாம் அவள்தான் அதைச் செய்துகொண்டிருந்தாள், அவள் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் பள்ளிக்கூடம். மகளைக் கூட்டி வரச் சொன்னாள்.

பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக வந்து நின்றது அந்தக் குழந்தை. பத்து வயசு இருக்கும். அதுவரை ஒருவர் முதுகிலும் கால் வைத்ததில்லை. நாங்கள் அக்காவைப் புரட்டி மணல் மேல் குப்புறப் படுக்க வைத்திருந்தோம்.

"எனக்கு பயமாக்கீதும்மா."

"இன்னாடி பயம்? உன் கால்லதான் கீது மருந்து. வெய்யி."

காலை வைத்தாள். வைத்ததும் வைக்காததுமாக நீவினாள். அக்காவுக்குத் திருப்தி இல்லை.

"இன்னும் அழுத்து. மத்தியானம் சோறு துன்னியா இல்லியா? ஏறி நில்லுடி."

குழந்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மொத்தக் கனத்தையும் இடது காலில் இறக்கினாள். அடுத்த நிமிஷம் சூடு பட்டவள் மாதிரி காலை இழுத்துக்கொண்டாள். அக்கா முனகவில்லை. தலையை மட்டும் தூக்கி, கலவை மிஷின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்காவைப் பார்த்து, "கட்டையில போற காக்கா, இன்னா வேடிக்க பாக்குற" என்று திட்டினாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். திட்டுகிற தெம்பு வந்துவிட்டது என்று சொன்னோம். அவளும் கையை ஊன்றி எழுந்துவிட்டாள். மேஸ்திரி குழந்தைக்குப் பிஸ்கட் பாக்கெட் வாங்கித் தந்தார். பெற்றவளையே எழுப்பி நிறுத்திய கால் என்று ஆளாளுக்குக் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தார்கள். அன்றைக்குத் தளம் முடிகிறவரை அக்கா பாண்டு சுமந்தாள்.

மறுநாள் காலையில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. இடது கால் மரத்துப்போயிருந்தது. நாலு நாள் எண்ணெய், ஒத்தடம் என்று பார்த்துவிட்டு, நான்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பில் விரிசல், அது விழுந்ததில் வந்தது, அசையாமல் படுத்திருந்தால் கூடியிருக்கும், ஆனால் யாரோ மேலே ஏறி அழுத்தியதில் எலும்பு நகர்ந்து நரம்பைக் கவ்விக்கொண்டிருக்கிறது என்றார். யார் மிதித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள் பாருங்கள், ஒரு வாரத்துக்கு அந்த இடம் கன்றியிருந்தது.

"யாரும் மிதிக்கல சார். நானே வுயுந்தேன்" என்றாள்.

ஆபரேஷன் செய்து பார்க்கலாம், சென்னைக்குத்தான் போக வேண்டும், சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். வெளியே வேப்பமரத்தடியில் என் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, "இது எம் பொண்ணு காதுக்குப் போச்சின்னா, நான் செத்தாகூட நீ வந்து எட்டிப் பாக்கக் கூடாது" என்றாள். நான் சத்தியம் செய்தேன்.

அதற்குப் பிறகு அவள் வாழ்ந்தது எல்லாமே அந்தச் சத்தியத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். வலி என்றால் சும்மா வலி இல்லை. உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து குதிகால்வரை சுண்டி இழுக்கும். மல்லாந்து படுக்க முடியாது. தும்மினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது, ஊசி போட்டால் ஒரு நாள் தேவலை, மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. ஆனால் ஒருநாள்கூட அவள் வாயிலிருந்து 'அம்மாடி' என்று ஒரு முனகல் மகள் காதில் விழுந்ததில்லை. வலி வெட்டும்போது மூச்சு அடைத்துக்கொண்டு ஒரு சத்தம் வரத்தானே செய்யும்? அந்தச் சத்தத்தை அவள் காக்காவின் மேல் போட்டுவிடுவாள். முதல் தடவை மணல் மேல் படுத்துக்கொண்டு போட்டாளே, அதையே பழக்கமாக்கிக்கொண்டாள்.

பாண்டு சுமந்த தலை ஒவ்வொரு வேலையாக ஏறி இறங்கியது. கீரைக் கூடை வைத்துப் பார்த்தாள், கூடையை இறக்கி வைக்கக் குனிய முடியவில்லை. மண்டபத்துக்குப் போனாள், அண்டாவுக்குள் கை நீட்ட முடியவில்லை. என் இட்லிக் கடையில் மாவாட்ட வந்தாள், நானே வேண்டாம் என்று அனுப்பினேன். கடைசியில் பாய் ஒருவர் வைத்திருந்த அரிசி மில்லில் காக்கா ஓட்டுகிற வேலை கிடைத்தது. வேகவைத்த நெல்லைக் களத்தில் பரப்பியிருப்பார்கள், கையில் நீளக் கழியை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றால் போதும். முன்பு கோபுரமாகக் கலவை சுமந்தவளுக்குக் காக்கா ஓட்டுகிற வேலை. அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். "எனக்குன்னே செஞ்ச வேலடி, நாளெல்லாம் திட்டிக்கினே கீலாம், ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்பாள்.

பாய் நல்ல மனுஷர். நிழலில் ஸ்டூல் போட்டுத் தரச் சொன்னார். அவள் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழும்போது பத்துப் பேர் பார்ப்பார்கள். நான் மில்லுக்கு அரிசி வாங்கப் போன ஒரு மத்தியானம் அவள் களத்தின் நடுவில் கழியை ஊன்றிக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தாள். பாய் என் பக்கம் வந்து நின்றார். களத்தில் ஒரு குஞ்சுக் காக்காகூட இல்லையே, இந்தம்மா யாரைத் திட்டுகிறது என்று கேட்டார். நான் வானத்தைக் காட்டினேன். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வாகாக, களத்தின் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டிருந்தார்.

இடுப்பு போனதைவிட ஊரில் மரியாதை போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெற்றவளையே எழுப்பிய கால் என்று பேர் பரவியதும் மகளைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அக்கா வாசலிலேயே மறித்தாள். தன் பெண் கால் வைக்கக் கூடாது என்றாள். நீ வைக்கவில்லையா என்று கேட்டார்கள். "நான் வெச்சேன், என் இடுப்பு இன்னா கதியாச்சின்னு பாத்துக்கினுதானே கீற? வெச்சா வெச்சவளுக்கே திரும்புது" என்று அடித்துவிட்டாள். முழுப் பொய். அவள் இருக்கிற இருப்பைப் பார்த்த ஊர் அதை நம்பியது.

தன்னைத் தேடி வந்தவர்களுக்கு வேறு சட்டம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் போட்டோ பிடித்துக்கொண்டு வா, எலும்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் கால் வைக்கிறேன் என்பாள். டாக்டரிடமே போவதென்றால் உன்னிடம் எதற்கு என்று அவர்கள் திருப்புலிவனத்தில் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். அந்தப் பெரிய விவசாயி இன்னொரு தடவை வண்டியில் வந்தார். அவருக்கும் அதே பதில்தான். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தவர், திமிரெடுத்தவள், அதுதான் சாமி முதுகை ஒடித்து உட்கார வைத்திருக்கிறது என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா எதிர்வீட்டு நாயைத் திட்டினாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்றைக்குச் சண்டையே போட்டேன். குழந்தை அது, நீ சொல்லித்தானே வைத்தது, அதில் அதன் தப்பு என்ன, உண்மையைச் சொல்லிவிட்டால் அழுதுவிட்டுத் தேறிவிடும், நீ ஏன் இப்படிச் சாகிறாய் என்று கத்தினேன். அவள் கம்பத்தைப் பிடிப்பது மாதிரி என் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் சொல்லித்தான் வெச்சா. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவ மனசுக்குத் தெரியுமா? எந்திரிச்சா அந்தக் காலைத்தான் பாக்கணும், படுத்தா அந்தக் காலைத்தான் பாக்கணும். கயட்டி வெச்சிட்டா பொயக்க முடியும்?"

நான் உள்ளே போய்க் காபி போட்டேன்.

மகள் வளர்ந்தாள். அமரிக்கையான பெண். ஒரு விநோதப் பழக்கம் மட்டும் உண்டு, வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்ற மாட்டாள். லட்சுமி தங்குமா என்று அக்கா சத்தம் போடுவாள். யாராவது படுத்திருந்தால் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போவாள். காலைப் பாவாடைக்குள் இழுத்து மடக்கிக்கொண்டுதான் தூங்குவாள். பெண்பிள்ளை அடக்கம் என்று நினைத்தேன். பிறகு ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனாள். முதல் நாள் போய்விட்டு வந்து, "நாளெல்லாம் ஷூ போட்டுக்கினே கீலாம் சித்தி" என்று என்னிடம் சொன்னாள். சம்பளத்தைச் சொல்லாமல் ஷூவைப் போய்ச் சொல்கிறதே, இதென்ன பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் திருப்புலிவனத்தில். அம்மி மிதிக்கிற நேரத்தில் அவள் காலைத் தூக்கவே இல்லை. மாப்பிள்ளை குனிந்து பிடித்துத் தூக்கி அம்மியில் வைத்தால், கால் வெடவெடவென்று நடுங்குகிறது, கல்லின் மேல் பட்டும் படாமலும் நிற்கிறது. நன்றாக அழுத்தி வைம்மா என்று ஐயர் சொன்னார். வெட்கம் என்று கூட்டம் சிரித்தது. தூணில் சாய்ந்து நின்றிருந்த அக்கா அந்தச் சமயம் பார்த்து மேளச் சத்தத்தைத் திட்டினாள். நல்ல நாளில் வலி வந்துவிட்டதே என்றுதான் எனக்குப் பட்டது.

பிள்ளைப்பேறு வந்தது. ஸ்கேனில் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் கால் கீழே இருக்கிறது என்றார்கள். சம்பந்தியம்மாவுக்கு வாயெல்லாம் பல். பாட்டி, அம்மா, பிள்ளை, மூன்று தலைமுறையும் காலால் வந்த வம்சம், எங்கே கிடைக்கும் என்றாள். அக்கா அந்த வயசில், அந்த இடுப்போடு, பஸ்ஸில் நின்றுகொண்டே போய் டாக்டரம்மாவைப் பார்த்து, ஆபரேஷன் செய்தே எடுத்துவிடச் சொன்னாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கலாமே என்ற சம்பந்தியிடம், முதல் தடவையாக, முகத்துக்கு நேராகச் சத்தம் போட்டாள். ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை.

மறுநாள் வார்டில் அக்கா குழந்தையின் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். துணியில் நன்றாகச் சுற்றி, விரல்கூடத் தெரியாமல் மூடினாள். ஆனால் சம்பந்தியம்மா சும்மா இருக்கிற ஜென்மமா? ஆபரேஷனில் எடுத்தாலும் கால்தான் முதலில் வந்ததாம், நர்ஸம்மாவே சொன்னாங்களாம். "எங்க வூட்டுக்கும் ஒரு கால் வந்துடுச்சி. கொஞ்சம் வளரட்டும், என் இடுப்புக்கு அதான் மருந்து" என்று துணியைப் பிரித்து அந்தப் பிஞ்சுக் காலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டாள். சம்பந்தியம்மாவும் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனாள். கட்டிலில் மகள், தொட்டிலில் குழந்தை, நான்.

வராண்டாவிலிருந்து குரல் வந்தது. "நாசமாப் போற பூன, உனக்கு ஆஸ்பத்திரியில இன்னா வேல."

மகள் கண்ணைத் திறந்தாள். "இன்னிக்கு வலி ஜாஸ்தி போலக்கீது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமாளித்துக்கொண்டு, யாருக்கு வலி, அம்மா பூனையைத் திட்டுகிறது என்றேன்.

"பூன எங்க சித்தி கீது?"

எட்டிப் பார்த்தேன். வராண்டா காலியாக இருந்தது. அக்கா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இப்போதுதான் ஓடியது என்றேன்.

"அன்னிக்கு என் காலுக்குக் கீய ஒண்ணு நகுந்துச்சி சித்தி. என் கால்தானே, எனக்குத் தெரியாதா? சத்தம்கூட கேட்டுச்சி. அப்பதான் அம்மா காக்காவ திட்டுச்சி."

அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அந்தச் செருப்பும், ஷூவும், அம்மியின் மேல் நடுங்கிய காலும் ஒவ்வொன்றாக என் கண்ணுக்கு முன்னால் வந்தன. பத்து வயசிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள், நான் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அடக்கம் என்று மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏண்டி இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு இடுப்பு போச்சி, வேல போச்சி, ஊர்ல இருந்த மரியாத போச்சி. எனக்குத் தெரியாம மறச்சிட்டோம்ன்றது ஒண்ணுதான் அதுகிட்ட மிச்சம் கீது. அதயும் நான் புடுங்கிக்கணுமா? நீ எதயும் காட்டிக்காத சித்தி."

அக்கா உள்ளே வந்தாள். முகமெல்லாம் வேர்வை, உதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஆஸ்பத்திரியில் பூனைத் தொல்லை தாங்கவில்லை என்றாள்.

"எந்தப் பூனம்மா? அந்தக் கறுப்பா?" என்று மகள் கேட்டாள்.

அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "ஆமாண்டி, கறுப்புதான்" என்றாள்.

"சனியன் புடிச்ச பூன, என்னயும் தூங்க வுடல. இன்னொரு தபா வரட்டும், தொடப்பத்தாலயே சாத்தறேன்" என்று மகள் தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இருக்கிற சத்தத்தையெல்லாம் சேர்த்துத் திட்டினாள். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள், கம்பியைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என் பங்குக்கு, அங்கே இல்லாத அந்தக் கறுப்புப் பூனையை நாலு வார்த்தை திட்டினேன்.